1950-இல் ஓர் அமெரிக்கத் தியேட்டருக்குப் பதினாறு வயதில் போவது எப்படி: புதிதாகக் கதை, நாடகம் எழுதுபவர்களுக்கு

நீங்கள் எழுதும் கதையிலோ போடப்போகும் நாடகத்திலோ 1940களின் பிற்பாதி அல்லது 1950கள் வருகிறது. பதினாறு வயதுப் பையனும் பெண்ணும் அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் படம் பார்க்கப் போகிறார்கள். உடை, கார், தலைமுடி எல்லாவற்றையும் பழைய புகைப்படங்களைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். தியேட்டரின் இருட்டுக்குள் யார் முன்னால் நடந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள், எப்போது எழுந்து போனார்கள் என்பதைப் புகைப்படம் காட்டாது. புதிதாக எழுதுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். இன்றைய மல்டிப்ளெக்ஸ் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து கிளம்புவதில் தொடங்கித் திரும்பி வருவது வரை, காட்சி எழுதத் தேவையானதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், படம் எப்படி ஓடியது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அன்றைய பெரும்பாலான தியேட்டர்களில் ‘காட்சி நேரம்’ என்று ஒன்று கண்டிப்பாக இல்லை. மதியம் திறந்தால் இரவு வரை படம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நியூஸ் ரீல், கார்ட்டூன், வரப்போகும் படங்களின் ட்ரெய்லர், முக்கியப் படம். குடியிருப்புப் பகுதித் தியேட்டராக இருந்தால் இரண்டாவதாக இன்னொரு படமும் உண்டு. எல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. டிக்கெட்டில் நேரமும் இருக்காது, இருக்கை எண்ணும் இருக்காது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

அதனால் பாதிப் படத்தில் நுழைவது சாதாரணம். கொலைகாரன் யார் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அப்புறம் கார்ட்டூன் பார்த்து, இரண்டாவது படத்தையும் பார்த்துவிட்டு, கொலை எப்படி நடந்தது என்று மூன்று மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். தாங்கள் நுழைந்தபோது ஓடிக்கொண்டிருந்த இடம் மறுபடி திரையில் வந்ததும், “நாம வந்தது இங்கதான்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு எழுவார்கள். அந்த ஒரு வசனம் போதும், உங்கள் காட்சிக்குக் காலம் வந்துவிடும்.

1946-இல் அமெரிக்காவில் வாரத்துக்கு எட்டு, ஒன்பது கோடிப் பேர் தியேட்டருக்குப் போனார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைய மக்கள்தொகையே 14 கோடி சொச்சம்தான். இத்தனை பேர், நேரக்கட்டுப்பாடு இல்லாமல், இருட்டில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். அந்தக் காலத்துத் தியேட்டர் ஒழுங்கு முறைகள் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்தவை. இருட்டில் நகரும் ஒருவர் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது எப்படி என்பதே அவற்றின் சாரம். எந்தச் சைகையை எழுதினாலும் இந்தக் கேள்வியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்

பையன்தான் கூப்பிட வேண்டும். அன்றைய அறிவுரை நூல்கள் இதில் ஒரே குரலில் பேசின. சனிக்கிழமைப் படத்துக்குச் சனிக்கிழமை காலையில் போன் செய்வது மரியாதைக் குறைவு. சில நாள் முன்பே கேட்க வேண்டும். கேட்கும்போது எந்தப் படம், எத்தனை மணிக்கு வருவேன், யாருடைய கார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மூன்றையும் பெண்ணின் வீட்டில் கேட்பார்கள் என்பதுதான் காரணம். பள்ளிகளில் போட்டுக்காட்ட கொரோனெட் நிறுவனம் 1940களின் கடைசியில் எடுத்த சிறு படங்களிலேயே இப்படிக் கூப்பிடுவது எப்படி என்ற பாடம் இருந்தது. வகுப்பறையில் சொல்லித்தரும் அளவுக்கு அன்று இது பெரிய விஷயம்.

வாசலில் நின்று ஹாரன் அடிக்கும் பையனை நல்ல பையன் என்று எழுதாதீர்கள். அவன் இறங்கி, கதவைத் தட்டி, உள்ளே வந்து, பெண்ணின் அப்பா அம்மாவோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும். நேரக்கட்டுப்பாடு இல்லாத தியேட்டருக்குப் போகும் இருவருக்கு இந்த ஒரு நேரம் மட்டும் கறாரானது. முக்கியப் படம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று தியேட்டருக்குப் போன் செய்து கேட்டு வைத்துக்கொள்ளும் பையன் கெட்டிக்காரன்.

எந்தத் தியேட்டர் என்பதையும் முடிவு செய்யுங்கள். நகர மையத்தில் இருக்கும் பெரிய தியேட்டரில் புதுப்படம் முதலில் வரும். டிக்கெட் விலை கூடுதல், சீருடை அணிந்த பணியாளர்கள் நிறைய, உடையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பகுதித் தியேட்டருக்குப் படம் தாமதமாக வரும். விலை குறைவு, வாரத்தில் இரண்டு மூன்று முறை படம் மாறும், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். பதின்வயதுப் பெண் தன் தோழியோடு போவதென்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

டிக்கெட் கவுண்டரில்

தெருவைப் பார்த்து நிற்கும் கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு பெண். கூண்டுக்கு மேலேயோ பக்கத்திலோ விலைப்பலகை. 1944 முதல் டிக்கெட் மீது கூட்டரசின் 20 விழுக்காடு வரி இருந்ததால், பலகையில் விலையையும் வரியையும் தனித்தனியாக எழுதி, மொத்தத்தைக் கீழே போடுவார்கள். எடுத்துக்காட்டாக 42 சென்ட், வரி 8 சென்ட், மொத்தம் 50 சென்ட். மேடையில் இந்தப் பலகையைச் சரியாக எழுதி வைத்தால் அழகாக இருக்கும். பகலில் விலை குறைவு, மாலையில் ஏறிவிடும்.

டேட்டிங் என்றால் பையன் காசு கொடுப்பான். பெண் கொஞ்சம் தள்ளி, சுவரொட்டிகளைப் பார்த்தபடி நிற்பாள். விலை கேட்டு அவன் முகம் மாறினால் அதைப் பார்க்காமல் இருக்க இது நல்ல வழி. அவனிடம் காசு அதிகம் இல்லை என்று தெரிந்தால் பகல் காட்சிக்குப் போகலாமே என்று அவளே சொல்வதும் உண்டு. கூட்டமாகப் போகும்போது ஆளுக்கு ஆள் தன் பங்கைக் கொடுத்துவிடுவார்கள், அதில் தவறாக யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

குழந்தை டிக்கெட் பொதுவாகப் பன்னிரண்டு வயதோடு முடிந்துவிடும். அதனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை முழங்காலை மடக்கிக் குள்ளமாக நின்று பதினொன்று என்று சொல்வது அன்று எல்லா ஊரிலும் நடந்தது. பதினாறு வயதில் பெண்ணோடு வந்தவன் அப்படிச் செய்ய மாட்டான், தன் தம்பிக்காகச் செய்யலாம். இன்னொன்று: வயது வாரியான தேசியத் தரச்சான்று 1968 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன் 1934-இலிருந்து கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகள் எல்லாப் படங்களையும் எல்லோரும் பார்க்கத் தக்கதாக ஆக்க முயன்றன. ‘உனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை’ என்று கவுண்டரில் திருப்பி அனுப்பும் காட்சியை 1950-இல் வைத்தால் இடிக்கும்.

உங்கள் பாத்திரம் யார் என்பதை இங்கேயே முடிவு செய்ய வேண்டும்

இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளையர் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட ஒழுங்கு. தென்மாநிலங்களில் ஒரு கறுப்பினப் பையன் அதே தியேட்டருக்கு வந்தால் முன்வாசலில் அவனுக்கு இடமில்லை. பக்கவாட்டில் தனி வாசல், சில இடங்களில் தனி டிக்கெட் கவுண்டர், படியேறிப் போனால் பால்கனி. கீழே எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும் அவன் மேலேதான் உட்கார வேண்டும். பால்கனியும் இல்லாத பல தியேட்டர்களில் அவனை உள்ளே விடவே மாட்டார்கள். கறுப்பின மக்களுக்கென்றே தனியாக நடந்த தியேட்டர்களும் இருந்தன. அங்கே சனிக்கிழமை மாலை எப்படி இருந்தது என்பதை எழுத விரும்பினால் அது தனிக் கதை, எழுத வேண்டிய கதை. டெக்சஸின் பல ஊர்களில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளையும் தனியாக உட்காரவைத்தார்கள்.

‘இனிமையான ஐம்பதுகள்’ என்று எழுத உட்காருபவர்கள் இந்தப் பக்கவாசலை மறந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. உங்கள் கதை தென்மாநிலத்தில் நடக்கிறதென்றால் உங்கள் வெள்ளைப் பாத்திரங்கள் அந்த வாசலைத் தினமும் பார்த்திருக்கிறார்கள். பார்த்தும் பேசாமல் போனார்கள் என்றாவது எழுதுங்கள்.

வரிசையில் நிற்கும் ஒழுங்கையே ஆயுதமாக்கியவர்கள் உண்டு. 1960-61இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த தியேட்டர்களின் முன் கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் சேர்ந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் முறைப்படி கவுண்டருக்கு வந்து, எல்லோருக்கும் டிக்கெட் தருவீர்களா என்று பணிவாகக் கேட்பார். இல்லை என்றதும் வாக்குவாதம் செய்யாமல் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நிற்பார். முண்டியடிப்பு இல்லை, கூச்சல் இல்லை. வரிசை மட்டும் நகரவே நகராது. 1961-இல் அந்தத் தியேட்டர்கள் இறங்கிவந்தன. நாடெங்கும் இந்தப் பாகுபாட்டைச் சட்டம் தடை செய்தது 1964-இல். அந்தச் சட்டத்தின் வாசகத்தில் திரைப்பட அரங்குகள் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன.

உள்ளே நுழைந்து இருக்கைக்குப் போகும் வரை

லாபியில் அதிகம் நிற்க வேண்டாம். பாப்கார்ன், மிட்டாய், குளிர்பானம். போர்க்காலத்தில் 1942 முதல் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததால் மிட்டாய் அரிதாகி, சர்க்கரை தேவைப்படாத பாப்கார்ன் தியேட்டரில் நிலைத்துவிட்டது. வாங்குவதை உள்ளே போகும் முன் வாங்கிவிட வேண்டும். படத்தின் நடுவே இடைவேளை பொதுவாகக் கிடையாது. நடுவில் எழுந்து போனால் ஒரு வரிசையையே எழுப்ப வேண்டியிருக்கும்.

இப்போது கதவைத் தள்ளுகிறார்கள். வெளியே பிற்பகல் வெயில், உள்ளே கும்மிருட்டு. கண் பழகுவதற்கு ஒரு நிமிடமாவது ஆகும், அதுவரை கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொள்வதே முறை. அங்கே டார்ச்சுடன் சீருடையில் ஒரு பையன் வருவான். இந்தப் பாத்திரத்தை வீணாக்காதீர்கள். இடம் காட்டும் இந்த வேலையைப் பெரும்பாலும் பள்ளி மாணவர்களே பார்த்தார்கள். உள்ளே வரும் பையனோடு காலையில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவனாகக்கூட அவன் இருக்கலாம். ஆனால் அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டு முதுகில் தட்ட மாட்டார்கள். “எத்தனை பேர்?” என்பான். இருவர் என்று விரலால் காட்டினால் போதும். டார்ச்சை யார் முகத்திலும் அடிக்காமல், தன் இடுப்புக்குப் பின்னால் தாழ்த்திப் பிடித்துத் தரையில் வெளிச்சம் விழும்படி முன்னே நடப்பான். சரியான வரிசை வந்ததும் அந்த வெளிச்சம் காலியான இருக்கைப் பக்கம் ஒரு கணம் திரும்பும்.

வரிசைமுறை இதுதான்: இடம் காட்டுபவன் முன்னால், அடுத்துப் பெண், கடைசியில் பையன். இடம் காட்ட ஆள் இல்லையென்றால் மாறிவிடும். பையன் முன்னால் போய் இடம் தேடுவான், கண்டதும் ஒதுங்கி நின்று பெண்ணை உள்ளே விடுவான். நடைபாதை ஓர இருக்கை பையனுக்கு. இரண்டு ஜோடிகள் போனால் பையன்கள் இரு ஓரத்திலும், பெண்கள் நடுவிலும்.

வரிசைக்குள் மற்றவர்களைத் தாண்டிப் போகும்போது எந்தப் பக்கம் பார்த்து நகர வேண்டும் என்பதில் நடிகர்கள் அடிக்கடி தவறு செய்கிறார்கள். எமிலி போஸ்ட் 1922-இல் வெளியிட்ட நடத்தை நூல் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்க வீடுகளில் இந்த விஷயங்களில் கடைசி வார்த்தையாக இருந்தது. மேடையை (படம் என்றால் திரையை) பார்த்தபடி, முன்வரிசை இருக்கைகளின் முதுகோடு ஒட்டி நகருங்கள், முன்னால் இருப்பவர் தலையில் எதையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்கிறது அது. கோட்டு, கைப்பை, பெண்ணின் விரிந்த பாவாடை எல்லாவற்றையும் ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக நகர வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் முழங்காலை ஒருபக்கமாகத் திருப்பி வழிவிடுவார்கள், போதாவிட்டால் எழுந்து நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் “மன்னிக்கணும்”, தாண்டியதும் “நன்றி”. பாப்கார்ன் பை நெஞ்சோடு. இதை ஒத்திகையில் நிஜ நாற்காலிகளை நெருக்கிப் போட்டு நான்கைந்து முறை செய்து பாருங்கள்; வசனம் இல்லாமலே இருவருக்கும் இடையே இருக்கும் கூச்சம் தெரிந்துவிடும்.

உட்கார்ந்த பிறகு

பெண் தொப்பி அணிந்திருந்தால் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். பையன் தொப்பியோடு உள்ளே வந்திருக்கவே கூடாது. கோட்டை இருட்டில் எழுந்து நின்று கழற்றாமல், உட்கார்ந்தபடியே தோளிலிருந்து நழுவவிட வேண்டும். முழங்காலால் முன் இருக்கையை முட்டக் கூடாது, சூயிங்கத்தை இருக்கையின் அடியில் ஒட்டக் கூடாது. கதையை முன்பே பார்த்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, பாதியில் நுழைந்தவர்களுக்கு முன்கதை தெரியாததால் “யார் இவன்?” என்ற கிசுகிசு எப்போதும் இருக்கும், அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்.

சத்தம் அதிகமானால் முதலில் யாராவது திரும்பிப் பார்ப்பார். அப்புறம் ‘ஷ்’. அதற்கும் அடங்காவிட்டால் டார்ச் வெளிச்சம் அந்த வரிசைமேல் வந்து நிற்கும். அப்போதும் கேட்காதவர்களை மேலாளர் வெளியே அழைத்துப் போவார். இந்த நான்கு படிகளையும் விட்டுவிட்டு நேராகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

பால்கனி, பின்வரிசை பற்றிக் கொஞ்சம். கைகோத்து உட்காருவது, தோளில் கை போடுவது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. பின்னால் இருப்பவரின் பார்வையை இரண்டு தலைகள் சேர்ந்து மறைக்கக் கூடாது என்பது அதற்கான ஒழுங்கு. அதற்கு மேல் போனால் டார்ச் வரும். பையன் கை வைத்ததும் பெண் தன் கையை எடுத்துக்கொண்டால் அவன் மறுபடி முயலக் கூடாது என்று அன்றைய அறிவுரைகள் சொன்னாலும், தடுக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் பெண் தலையில்தான் கட்டின. அது அநியாயம். உங்கள் பெண் பாத்திரத்துக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டினால் காலத்துக்கும் பொருந்தும், உண்மைக்கும் பொருந்தும். புகைபிடிப்பது பல தியேட்டர்களில் பால்கனியில் மட்டும் என்று வைத்திருந்தார்கள். அன்றைய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. 1948-இல் பாதுகாப்பான ஃபிலிம் வந்து, 1950களின் தொடக்கத்தில் அது பழையதை ஒழித்தது. “தீ!” என்று விளையாட்டுக்குக்கூடக் கத்தக் கூடாது என்று குழந்தைக்கும் சொல்லி வைத்திருப்பார்கள்.

ஃபிலிம் அறுந்து திரை வெள்ளையாகிவிட்டால்? சனிக்கிழமை மேட்னியில் சின்னப் பிள்ளைகள் விசிலடிப்பார்கள், காலால் தரையை உதைப்பார்கள், தட்டையாக்கிய பாப்கார்ன் டப்பா ஒளிக்கற்றையின் குறுக்கே பறக்கும். பதினாறு வயதுக்காரர்கள் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் பக்கத்தில் பெண் இருக்கிறாள்.

எழுந்து போவது

வந்த இடம் திரையில் வந்துவிட்டது. உடனே எழக் கூடாது. வசனம் முடிந்து காட்சி மாறும் வரை காத்திருக்க வேண்டும். காலி டப்பாவைக் கையில் எடுத்து, கோட்டைச் சுருட்டி, வந்தது போலவே திரையைப் பார்த்தபடி நகர்ந்து வெளியே. உள்ளே இருக்கும் நண்பன் அவசரக் கதவைத் திறந்து டிக்கெட் இல்லாத நான்கு பேரை உள்ளே விடுவதும் நடந்தது. கதவு திறந்ததும் பகல் வெளிச்சம் மொத்தக் கூடத்திலும் பாயும், அதனால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள்.

பிறகு சோடா கடை, ஒரு மில்க் ஷேக், குறித்த நேரத்துக்குள் வீடு.

கதை 1960-ஐத் தாண்டினால்

1960-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தன் ‘சைக்கோ’ படத்துக்குத் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று நிபந்தனை போட்டார். பாதியில் நுழையும் பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நடக்கும் காட்சியில் வாசலில் நேரம் பார்த்துக் காத்திருக்கும் வரிசையை வைக்கலாம்.

திறந்தவெளி டிரைவ்-இன் என்றால் விதிகள் வேறு. முதல் டிரைவ்-இன் 1933-இல் நியூ ஜெர்சியின் கேம்டனுக்கு அருகே திறக்கப்பட்டது. 1958 வாக்கில் நாடெங்கும் 4,000-க்கும் மேல் இருந்தன. உள்ளே நுழையும்போதே முன்விளக்கை அணைத்துவிட வேண்டும். கம்பத்தில் தொங்கும் ஸ்பீக்கரை எடுத்துக் கார் ஜன்னலில் மாட்டிக்கொள்வார்கள். படம் நின்றால் விசிலுக்குப் பதில் ஹாரன். காரின் டிக்கியில் இரண்டு நண்பர்களை ஒளித்துக்கொண்டு வருவதற்கும் இதுதான் இடம். கிளம்பும்போது ஸ்பீக்கரைக் கம்பத்தில் திருப்பி மாட்டிவிட்டு, அப்புறம்தான் வண்டியை எடுக்க வேண்டும்; மறந்தவர்கள் ஒயரை அறுத்துக்கொண்டு போனார்கள், சில சமயம் ஜன்னல் கண்ணாடியும் போனது.